வைரவருக்கு ஒரு பெர்மிட்

வெளிநாட்டுக் கம்பனிகள் இங்கே கஞ்சா பயிரிட்டு ஏற்றுமதி செய்ய அரசாங்கம் அனுமதி கொடுக்கிறதாம். அதைப் பற்றித் தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். ஒருவர் டொலர் வரும் என்கிறார், இன்னொருவர் கலாசாரம் கெட்டுவிடும் என்கிறார். எனக்கு வருகிற எரிச்சலுக்கு ரிமோட்டைத் தூக்கி எறியலாம் போலிருக்கிறது. வேலி அடித்து ஏக்கர் கணக்கில் வளர்க்கிறவனுக்கு அனுமதி கிடைக்கிறது. என் மாமாவுக்கு ஒரு சரைக்கு, ஒரு சிறு காகிதப் பொட்டலத்துக்கு, கிடைக்கவில்லை. அதையும் அவர் தனக்கென்று கேட்கவில்லை.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அம்மன் கோயில் சடங்கின் கடைசி நாளில் வைரவருக்கு மடை என்னும் படையல் வைப்பது எங்கள் குடியின் முறை. ரொட்டி, சாராயம், சுருட்டு, இவற்றோடு ஒரு சரை கஞ்சாவும் இலையில் படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வைரவர் கோபிப்பார் என்று ஊரே நம்பியது. காவலுக்கு வரும் பொலிசார்கூட அந்த மடையைக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டுதான் போவார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட காலம் அது. அந்த வருடம் மடை, அம்மாவின் தம்பியான மாமாவின் பொறுப்பு. அவருக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருந்தது. குற்றம் எதுவும் இல்லையென்ற பொலிஸ் ரிப்போட் மட்டும்தான் பாக்கி. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவின் கலியாணம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. சின்னம்மாவின் வீடோ கூரையில்லாமல் வெறும் சுவராக நின்றது.

மாமா பீடிகூடத் தொடாதவர். ஆளில்லாத வீதியில் சைக்கிள் ஓட்டினாலும் திரும்பும்போது கை காட்டுவார். சடங்குக்கு ஸ்பீக்கர் பூட்டப் பெர்மிட் எடுக்கப் பொலிசுக்குப் போனவர், அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா? வெளிநாடு போகிற நேரத்தில் சட்டத்துக்கு மாறாக எதுவும் வேண்டாமென்று, வைரவரின் கஞ்சாவுக்கும் ஒரு பெர்மிட் கேட்டிருக்கிறார்.

"ஆயுர்வேத வைத்தியருக்கெண்டா சட்டத்தில இடமிருக்கு. சாமிக்கு இல்ல" என்றாராம் பொறுப்பதிகாரி.

அத்தோடாவது எழும்பி வந்தாரா? எவ்வளவு வேண்டும் என்று அதிகாரி கேட்க, "இவ்வளவுதான் ஐயா" என்று சட்டைப் பையிலிருந்த சரையை எடுத்து மேசையில் வைத்தாராம். வைத்த பிறகு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் மாமா குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். அது ரிப்போட்டில் ஏறியது. கட்டார் வேலை கைவிட்டுப் போனது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கேக்காம வச்சிருந்தா ஆருடா உன்னப் புடிக்கிற? பொலிசுக்குப் போய்க் கஞ்சாவக் காட்டினவன் இந்த மட்டக்களப்பில நீ ஒருத்தன்தான்!"

"ஒளிச்சு வைக்கிறத சாமி ஏத்துக்குமா அக்கா?" என்றார் மாமா. அவர் அதை மனதாரச் சொன்னதுதான் அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம்.

மடை குறையில்லாமல் நடந்தது. வேறு யாரோ கொண்டுவந்த கஞ்சா இலையில் இருந்தது. மாமாமீது வழக்கெழுதிய பொலிஸ்காரரே காவலுக்கு வந்து, கும்பிட்டுவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. வீடு எப்போது முடியுமென்று தெரியாமல் காத்திருக்க ஏலாது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். மாமா முற்றத்தில் நின்றபடியே நின்றார். சின்னம்மா கோப்பைகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அன்று சிறுமியாக இருந்த எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மாமா கட்டாருக்குப் போகவில்லை, சின்னம்மாவும் எங்களை விட்டுப் போகவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"இனி நீங்க எப்பவும் என்னோடதானே படுப்பீங்க சின்னம்மா?"

"ஓம் மகள்" என்றாள், கோப்பையைக் கழுவியபடி.

இந்த நல்ல செய்தியைச் சொல்ல அயல் வீடுகளுக்கெல்லாம் ஓடினேன். கேட்டவர்களில் ஒருவர்கூட ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.