வெறும் அடையாளம்

போன ஞாயிறு, சைனிக்புரியில் என் மகள் போகும் சபைக்குப் போயிருந்தேன். நற்கருணை நேரத்தில் ஒரு தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. அதில் கட்டைவிரல் நுனி அளவுக்குப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஆளுக்கொன்று. திராட்சரசத்தைக் குடித்ததும் கிராம்பு வாசனை மூக்கில் ஏறியது. செகந்திராபாத்தின் பழைய தமிழ்க் கோவிலிலும் கிராம்பு போடுவார்கள். ஆனால் அங்கே அப்போது எல்லாருக்கும் பாத்திரம் ஒன்றுதான்.

அதற்கு அர்த்தம் சொல்லித் தந்தவர் அப்பா. ஏ.எஸ்.ராவ் நகரில் எஞ்சினியர்; ஞாயிற்றுக்கிழமைகளில், பிள்ளைகளை முதல் நற்கருணைக்குத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பு எடுப்பார். நானும் சாலமனும் ஒரே பெஞ்சு. சாலமனின் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

"பாத்திரம்னா வெள்ளி இல்ல, பித்தளை இல்ல. அது அடையாளம். ஒருத்தர் வாய் வச்சதுல இன்னொருத்தர் வாய் வைக்கிறோம் பாருங்க, அப்பவே நாம ஒரு வீட்டுப் பிள்ளைங்க" என்பார். 'அடையாளம்' என்பதை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

எழுதி வைப்பது எனக்கு அப்போதே வியாதி. பஸ் வந்த நேரம், பிரசங்கத்தில் தூங்கியவர்கள், நற்கருணைப் பந்திக்கு யாருக்குப் பின் யார் போனார்கள், எல்லாம் நோட்டில் இருக்கும். எங்கள் வீடு எப்போதும் முதல் வரிசை. ஒர்க்‌ஷாப் குடும்பங்கள் கடைசி. பக்தியில் முந்துகிறோம் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் திடப்படுத்தல் பெற்ற பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில், ஒரு ஞாயிறு பஸ் ஏமாற்றியது. தாமதமாக நுழைந்தோம். பின்வரிசையில் சாலமன் வீட்டார் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பாத்திரம் அவர்களைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும். எல்லாரும் எழுந்தபோது அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் சட்டையையும் பிடித்து இழுத்தார். பீடத்தின் முன்னால் முழங்காலிட்ட சாலமன், பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வெளியே வந்ததும் கேட்டான்.

"உங்கப்பா கைக்குடா வரல? ஏன்?"

"வயித்து வலி."

"உனக்கும்?"

"ஹவ், ஆமா" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்துல சாப்பிட்டீங்களோ?" என்றான். சிரிக்கவில்லை.

வீடு திரும்பியதும் அப்பா ஏழு இட்லி சாப்பிட்டார். அதுவும் நோட்டில் இருக்கிறது. அன்றுதான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரு முறைகூட அவர்களுக்குப் பின்னால் நாங்கள் குடித்ததில்லை. நோட்டை அப்பாவிடம் நீட்டினேன்.

புரட்டிப் பார்த்தார். "ஊர்ல அவங்க எந்தத் தெருன்னு உனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "அது வெறும் அடையாளந்தானடா. விடு."

அதே சொல். அடிக்கோடு அப்படியே இருந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு சாலமன் வீட்டார் வரவில்லை. ஒர்க்‌ஷாப் பக்கம் ஒரு தெலுங்குச் சபைக்குப் போவதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. அவர்கள் கடைசியாக வந்த தேதி மட்டும் என் நோட்டுகள் எதிலும் கிடையாது.

அந்தப் பெரிய பாத்திரம் இப்போது பழைய கோவிலின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சுகாதாரம் கருதி என்கிறார்கள். போன ஞாயிறு என் கிண்ணத்தைத் தட்டில் திரும்ப வைத்தபோது நினைத்துக்கொண்டேன்: அப்பா இன்று இருந்திருந்தால் பஸ்ஸுக்கு ஓடவே வேண்டாம். கடைசி வரிசையிலேயே நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.