சாவியக்கா அடைத்த ஆறு துளைகள்

அந்த அருங்காட்சியகத்தில் தூசிக்கு ஒரே ஒரு ஜென்ம விரோதி இருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் துடைக்கும் துணியுமாக இருபத்தேழு வருடம் அறைகளைத் திறந்து மூடியவள். எல்லோருக்கும் அவள் சாவியக்கா. "எங்கக்காவைப் பார்த்தா எட்டுக்கால் பூச்சி ராஜினாமா குடுத்துட்டுப் போயிடும்" என்பான் அவள் தம்பி. அவன் கொத்தனார்.

அவளுக்கு உயிர் பறவைக்கூடம்தான். பாடம் செய்த பறவைகளுக்குப் பின்னால், சுவர் முழுக்க ஓர் ஏரியை யாரோ நூறு வருடத்துக்கு முன் வரைந்திருந்தார்கள். கீழே, கரையோர நாணலுக்குள் ஒரு குட்டிப் பறவை ஒளிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால், "அதைக் கண்டுபிடிக்காம யாரும் வெளிய போக முடியாது. பூட்டிடுவேன்" என்று மிரட்டுவாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தேடுவார்கள்.

ஓவியத்துக்குக் கீழே, அந்தச் சுவரின் அடியில் கையளவில் ஆறு துளைகள் இருந்தன. எலியும் தூசியும் அவற்றின் வழியாகத்தான் வரும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு எலி கொக்கின் வாலைக் குதறிவிட்டது. அலுவலகத்தில் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். கிணற்றில் போட்ட கல்தான். ஒரு விடுமுறை நாளில் தம்பியை அழைத்துவந்தாள். பழைய பூப்போட்ட போர்வையைக் கிழித்து அவள் துளைகளில் திணிக்க, அவன் உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசினான். வெள்ளையும் அடித்துவிட்டார்கள். துளை இருந்த சுவடே இல்லை. அன்று அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

இந்த வருடம் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. கொத்து வேலை தம்பிக்கே கிடைத்தது. திங்கட்கிழமை காலை இளவயது இன்ஜினியர் அம்மா ஏரியின் கரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் ஊறி, உப்புப் பூத்து, பூச்சு உப்பியிருந்தது.

"இவ்வளவு பழைய கட்டடத்துல சுவரடியில ஓட்டை விட்டிருப்பாங்களே. அது வழியா காத்து போனாதான் உள்ள ஈரம் காயும். இங்க ஒண்ணுகூட இல்ல. அக்கா, நீங்க ரொம்ப வருஷமா இருக்கீங்க. முன்னாடி ஏதாவது இருந்துச்சா?"

பக்கத்தில் கலவை குழைத்துக்கொண்டிருந்த தம்பியின் கரண்டி நின்றது.

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க மேடம்" என்றாள் சாவியக்கா.

"அப்ப ஈரம் அஸ்திவாரத்துலேர்ந்து ஏறுது. பூச்சை உரிச்சுட்டு அடியில தடுப்பு வைக்கணும். ஓவியம் போயிடும். எனக்கே மனசு வரல, ஆனா விட்டா சுவரே சாஞ்சிடும். வியாழக்கிழமை ஆரம்பிச்சிடலாம்."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நீ வாயைத் தொறந்தா என் வேலை போச்சுக்கா" என்றான் தம்பி.

"அப்ப அந்தச் சுவரு?"

"சுவரா வந்து எனக்குச் சோறு போடும்?"

"இருபத்தேழு வருஷமா எனக்கு அதுதாண்டா போட்டுச்சு."

செவ்வாய் போனது, புதன் போனது. நாளைக்குச் சொல்லலாம் என்றே இரண்டு நாளும் ஏரியைத் துடைத்தாள்.

வியாழன் காலை உளியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். கதவை அவள்தான் திறந்துவிட்டாள். ஈரம் அதிகமான அடிப்பகுதியிலிருந்து கொத்தத் தொடங்கினார்கள். நாணல் பாளம் பாளமாகத் தரையில் விழுந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "ஓட்டை இருந்துச்சு மேடம். நான்தான் அடைச்சேன். தம்பியைக் கூட்டிட்டு வந்து நான்தான் அடைக்கச் சொன்னேன்."

இன்ஜினியர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "திங்கட்கிழமையே சொல்லியிருந்தா, ஓட்டையைத் தொறந்து சுவரைத் தானா காய விட்டிருக்கலாமேக்கா" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "அடைச்ச கைதானே, நீங்களே தொறங்க" என்றார்.

ஆறு துளைகளிலிருந்தும் அவன் போர்வைத் துண்டுகளை இழுத்துப் போட்டான். எல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தன. பூக்கள் மட்டும் இன்னும் அடையாளம் தெரிந்தன.

ஆறு மாதத்தில் சுவர் காய்ந்தது. மேலே பாதி ஏரியும் வானமும் தப்பின. கீழே வெறும் சுண்ணாம்பு. துளைகளுக்கு மெல்லிய கம்பிவலை போட்டார்கள். எலி வரவே இல்லை. கம்பிவலை! பதினோரு வருடமாக அது தனக்குத் தோன்றவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கூடம் திறந்த வாரம் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். சாவியக்கா யாரையும் மிரட்டவில்லை. எல்லோரும் வெளியே போன பிறகும், போன வருடம் வந்திருந்த ஒரு சிறுமி மட்டும் வெள்ளைச் சுவரின் முன் குனிந்து நின்றாள்.

"இன்னும் கிடைக்கல. பூட்டிடாதீங்க ஆன்ட்டி."

சாவியக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தேடாதம்மா. அது இப்ப இல்ல. என்னாலதான் போச்சு."