கதிரவெளியில் இரண்டு துருத்திகள்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. நாவற்குடாவில் வீட்டை விட்டு இறங்கும்போது மணி நாலே முக்கால். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க மட்டக்களப்பு வரை நடந்தேன். தோளில் என் பழைய தோல்பை. அதற்குள் உளி, கத்தரி, வச்சிரப் பசை. கக்கத்தில், கொழும்பிலிருந்து வரவழைத்த மெல்லிய செம்மறித் தோல் ஒரு சுருள்.

தேவாலயங்களில் இருக்கும் கால்மிதி ஓர்கன்களைத் திருத்துவது என் தொழில். கதிரவெளியில் ஒரு சிறிய தேவாலயத்தின் ஓர்கன் மூன்று வருடமாக ஊமையாகக் கிடந்தது. உள்ளே காற்றை இழுத்துத் தள்ளும் துருத்தியின் தோல் கிழிந்துவிட்டது. ஞாயிறு அறுவடை ஆராதனைக்கு அதைப் பாடவைப்பேன் என்று அங்குள்ள உபதேசியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

வாகரைக்கு ஏறத்தாழ நாற்பது மைல். கட்டணம் ஒரு ரூபாய் எண்பது சதம். தோல் வேலைக்காரனுக்குப் போகிற வழியெல்லாம் தோல்தான் கண்ணில் படும். சாரதியின் இருக்கை, நடத்துனரின் காசுப்பை, எனக்கு முன்னால் இருந்தவரின் செருப்பு வார், அம்மன் சடங்குக்குப் போகிற ஒருவர் மடியில் குழந்தையைப் போல வைத்திருந்த உடுக்கு. வாழைச்சேனை தாண்டியதும் சேற்றில் எருமைகள் படுத்திருந்தன. ஆடும் மாடும் செத்த பிறகும் நம்மை விட்டுப் போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன். அப்போது அது பஸ்ஸில் பொழுது போகாதவனின் நினைப்பு, அவ்வளவுதான்.

பத்தரை மணி, வாகரை. இங்கேதான் என் புத்தி மந்தித்தது. கதிரவெளிக்குப் போகிற மாட்டுவண்டியில், ஈரம் படாமல் இருக்கட்டும் என்று தோல் சுருளைக் கருவாட்டு மூட்டையின்மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சுருள் இல்லை. சுறாக் கருவாட்டின் வாசம் ஏறிய செம்மறித் தோலை எந்த நாய்தான் விடும்? கடற்கரையில் மூன்று நாய்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

வண்டிக்காரர் சிரிக்கவில்லை. "அதுகளுக்கு இண்டைக்குப் பெருநாள்தான், சேர். ஏறுங்க, வெயில் ஏறுது," என்றார்.

எட்டு மைல் மணல் வழி. மூன்று மணிநேரம் பிடித்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர்கனின் பின்பலகையைக் கழற்றினேன். மரம் கல்லைப் போல உறுதியாக இருந்தது. துருத்தியின் மடிப்புகளில் மட்டும் தோல் பொடிந்து உதிர்ந்தது. உபதேசியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாமித்தம்பியிட்டக் கேட்டுப் பாப்பமே," என்றார்.

சாமித்தம்பி ஊர்க் கொல்லர். அவருடைய பட்டறையில் நெருப்புக்குப் பக்கத்தில் இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள் கிடந்தன. மனைவி வள்ளிப்பிள்ளை இரண்டையும் மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தார். வலப்பக்கத்துத் துருத்தி ஒட்டுமேல் ஒட்டாக இருந்தது. ஒவ்வோர் அமுக்கலுக்கும் இருமியது.

"திங்கள் விடிய வட்டைக்க வெட்டுத் தொடங்குது. இன்னும் முப்பது தாக்கத்தி அடிச்சுக் குடுக்கணும்," என்றார் சாமித்தம்பி, கையை நிறுத்தாமல். தாக்கத்தி என்பது கதிர் அறுக்கும் அரிவாள்; வட்டை, வயல்வெளி.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார். "உங்கட பெட்டிக்குள்ளயும் துருத்தியா இரிக்கு?"

"ஓம். காத்து இல்லாட்டி அது வெறும் அலுமாரி."

அவர் உள்ளே போய் ஒரு ஆட்டுத் தோலைக் கொண்டுவந்தார். களப்பில் வளரும் கண்டல் மரத்தின் பட்டையில் ஊறிச் சிவந்த தோல். எண்ணெய் போட்டுப் போட்டுப் பிசைந்தது. கையில் வாங்கியவன் அசந்துபோனேன். கொழும்புத் தோல் இதன் காலில் விழவேண்டும். வெற்றிலையைப் போல மடிந்தது, விட்டதும் விரிந்தது.

"தேவையானதை வெட்டி எடுங்க," என்றார்.

நான் நடுவிலே கத்தரியை வைத்து நீளமாக இரண்டு பட்டை வெட்டினேன். வள்ளிப்பிள்ளையின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பழையபடி அமுக்கத் தொடங்கியது. நான் அதைக் கவனித்தும் கவனிக்காதவனாக வந்துவிட்டேன்.

சனி மாலை ஐந்து மணிக்குள் ஓர்கன் தயார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. பலிபீடத்தின் முன்னே நெற்கதிர்க் கட்டுகளும் பூசணிக்காய்களும் குவிந்திருந்தன. உபதேசியாரின் மனைவி மிதிகளில் கால் வைத்தார். முதல் சுரம் எழுந்தபோது பாட வாய் திறந்தவர்கள்கூடப் பாடவில்லை. மூன்று வருடத்து மௌனத்துக்குப் பிறகு வந்த சத்தம் சுவரை, வாங்குப் பலகைகளை, நெஞ்சை எல்லாம் அதிரவைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

ஓர்கனுக்குப் பின்னாலிருந்த ஜன்னலுக்கு வெளியே சாமித்தம்பியும் வள்ளிப்பிள்ளையும் நின்றார்கள். ஞானப்பாட்டு முடிந்தும் போகவில்லை. ஆராதனை கலைந்ததும் அவர்களை உள்ளே கூப்பிட்டு, பின்பலகையைக் கழற்றி, மிதியை அமுக்கிக் காட்டினேன். சிவந்த தோல் விரிந்தது, சுருங்கியது. சாமித்தம்பி உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். உலையருகே காய்ப்பேறிய கை.

"மூச்சு விடுது," என்றார் மெதுவாக. "நம்மட கெடா, பாருங்க. உசிரோட நிக்கக்க இப்பிடிப் பாடல்ல."

அவர் முகத்தில் இருந்த வியப்பை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் வள்ளிப்பிள்ளையிடம் நன்றி சொன்னேன். மீதித் தோலை என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன்.

"இனி என்ன செய்யிற? துருத்திக்கு முழுத் தோல் வேணும். ஆட்டுல இருந்து சட்டை கழட்டுறமாதிரி உரிச்சு எடுக்கிற. நடுவுல வெட்டினா மறுகா பை ஆகாது." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பதைப் போலச் சொன்னார்.

"அப்ப நீங்க ஏன் வெட்ட விட்டீங்க?" என்று சாமித்தம்பியைக் கேட்டேன்.

"எங்க வெட்டுறதெண்டு நீங்க கேக்கல்லயே, சேர். கத்தரி வெச்ச பிறகு சொல்லி என்னத்துக்கு? பழசக் கட்டி ஓட்டுவம்."

முப்பதில் பதினாறுதான் முடிந்திருந்தது. இருமுகிற துருத்தியோடு மீதி முடியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

தேவாலயத்துக்குள் போய் என் தோல்பையைத் தரையில் கவிழ்த்தேன். உளியும் கத்தரியும் உருண்டன. பதினெட்டு வருடம் என் தோளில் கிடந்த மாட்டுத் தோல். வியர்வையும் எண்ணெயும் குடித்துக் குடித்து இளகிய தோல். ஓர்கனின் மடிப்புக்கு அது தடிப்பு. உலைத் துருத்திக்குச் சரியான தடிப்பு. பையின் தையலைப் பிரித்து, பட்டறையில் துருத்தியின் பழைய ஒட்டுகளையெல்லாம் உரித்து, கிழிந்த பக்கம் முழுவதையும் ஒரே துண்டால் மூடி, இழையிழையாகத் தைத்து வச்சிரம் பூசினேன். வச்சிரமும் தோலைக் காய்ச்சி எடுப்பதுதான். தோலைத் தோலோடு சேர்க்கவும் தோலே வரவேண்டியிருக்கிறது.

பசை காய்ந்ததும், மாலை நாலு மணிக்கு, வள்ளிப்பிள்ளை அமுக்கினார். இருமல் இல்லை. கரி ஒரேயடியாகச் சிவந்தது. அவர் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி வயலோரமாகப் போனது. வட்டைக்குள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். புதுத் தாக்கத்திகளில் வெயில் பட்டுப் பட்டு மறைந்தது. முப்பதும் இருந்தனவா என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மாலை மூன்று மணிக்கு நாவற்குடா. ஆயுதங்களைச் சாரத்தில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு படலையைத் திறந்தேன். என் மனைவி மூட்டையைப் பார்த்தாள், வெறும் தோளைப் பார்த்தாள்.

"பை எங்க?"

"கதிரவெளியில," என்றேன். "மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கு."