பிள்ளையார் குடத்துக்குள் இருந்தபோது

எங்கள் வீட்டில் கடவுள் இல்லை என்று சொல்லும் துணிவு ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் என் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. அதையும் அவர், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சொல்வார். முன்கூட்டியே சொன்னால் சோறு வராது என்பது அவருக்குத் தெரியும். உடனே அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். அப்பா கையிலிருக்கும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். எனக்கு அப்போது எட்டு வயது. கண்ணில் பட்டதற்கெல்லாம் விளக்கம் கேட்டு மற்றவர்களின் உயிரை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

கேள்வி கேட்பதற்கு எனக்கு வாய்த்த ஆளும் சின்ன மாமாதான். மற்றவர்களிடம் கேட்டால் "பெரிசானால் விளங்கும்" என்பார்கள், அல்லது தண்ணீர்ச் செம்பை எடுத்துவரச் சொல்வார்கள். மாமா அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் உரும்பிராயிலிருந்து என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவார். அவர் போன்களைக் கழற்றி உள்ளே ஊதித் துடைக்க, நான் எதிரே ஒரு ஸ்டூலில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். செத்துப்போன எங்கள் நாய் இப்போது எங்கே இருக்கிறது? நாங்கள் படைக்கும் மோதகத்தைப் பிள்ளையார் சாப்பிடுவதில்லை என்றால் அவருக்குக் கோபம் வராதா? கடவுளை யார் செய்தது? மாமா திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு யோசிப்பார். பிறகு, "எனக்குத் தெரியாது. ஆனா நல்ல கேள்வி" என்பார். வளர்ந்த ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு அவ்வளவு பிடிப்பு.

இப்படிப்பட்ட மாமாவைத்தான் கனடாவுக்கு அனுப்ப வீடு முழுவதும் சேர்ந்து முயன்றுகொண்டிருந்தது. அங்கே பெரிய மாமா இருந்தார். அவர் எல்லாப் பத்திரங்களையும் நிரப்பி அனுப்பிவிட்டார். விசா வருவதுதான் பாக்கி. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடித்தார். பெரியம்மா தெரிந்த கோயில்களுக்கெல்லாம் நேர்த்தி வைத்தார். மாமாவைக் கேட்டால், "வரேக்கை வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைத் திருகத் தொடங்கிவிடுவார். அவர் போய்விட்டால் நான் யாரிடம் கேள்வி கேட்பது என்பதை இவர்களில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் போகக்கூடாது என்று வீட்டில் சொன்னால் அடி விழும். ஆகவே இந்த விடயத்தை மேலிடத்தில் நேரடியாகப் பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்தேன்.

மேலிடம் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளையார். வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்களின் உதவியோடு அப்போதுதான் கோயிலைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். கும்பாபிஷேகம் வந்தது. அதற்கு முதல் நாள் எண்ணெய்க்காப்பு. மற்ற நாட்களில் மூலஸ்தானத்துக்குள் ஐயரைத் தவிர ஒருவரும் போக முடியாது. கோயில் தலைவரே வாசலுக்கு வெளியே நின்று எட்டித்தான் பார்க்க வேண்டும். எண்ணெய்க்காப்பு அன்று மட்டும் ஊரில் யாரும், ஆணோ பெண்ணோ குழந்தையோ, உள்ளே போய்ப் பிள்ளையாரைத் தங்கள் கையால் தொட்டு எண்ணெய் பூசலாம். அடுத்த கும்பாபிஷேகம் வரும்வரை அந்த வாய்ப்புத் திரும்ப வராது. நான் நேரே காதடிக்குப் போவதாகத் திட்டம் போட்டேன். அவ்வளவு பெரிய காதுகளை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா.

அன்று காலை அம்மா மாமாவையும் விடவில்லை. விசா வர வேண்டிய ஆள் தன் கையாலேயே எண்ணெய் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வேட்டி கட்டிப் பழக்கமில்லாத மாமா, அதற்குமேல் கால்சட்டைப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். வரிசை கோயிலைச் சுற்றிக் கிணற்றடி வரைக்கும் போனது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. எல்லார் கையிலும் கிண்ணமோ பேணியோ இருந்தது, அதற்குள் நல்லெண்ணெய். எங்களுக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மாமி திரும்பிப் பார்த்து, "தம்பி, சாமி இல்லையெண்ட ஆளெல்லே நீர்? வரிசையில என்ன செய்யிறீர்?" என்று கேட்டார்.

"சாமி இல்லையெண்டுதான் சொன்னனான் மாமி. வரிசை இல்லையெண்டு சொல்லேல்லையே" என்றார் மாமா.

மாமி சிரித்த சிரிப்பில் அவருடைய பேணியிலிருந்து பாதி எண்ணெய் என் தலையில் ஊற்றுப்பட்டது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே வெக்கை. தரை முழுதும் எண்ணெய், கால் வழுக்கியது. பட்டும் மாலையும் வெள்ளி அங்கியும் இல்லாமல் பிள்ளையார் வெறும் மேனியோடு கன்னங்கரேல் என்று இருந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவராகவும் தெரிந்தார். இரண்டு கையாலும் எண்ணெயை அள்ளி அந்த வயிற்றில் பூசினேன். குளிர்ந்த, வழவழப்பான, உருண்ட வயிறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. இவ்வளவு காலமும் தூரத்தில் நின்று கும்பிட்டவரின் வயிற்றைத் தடவுகிறேன் என்ற சந்தோசத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் காது எட்டவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைத் தூக்கிப் பிடித்தார். எண்ணெய்க் கையால் வாயை மறைத்துக்கொண்டு, "பிள்ளையாரே, சின்ன மாமாவுக்கு விசா வரக்கூடாது. கட்டாயம் வரக்கூடாது" என்று வலப்பக்கக் காதுக்குள் சொன்னேன்.

"முடிஞ்சுதோ? கை நோகுது" என்றார் மாமா.

என்னை இறக்கிவிட்டு அவரும் குனிந்து இடப்பக்கக் காதில் எண்ணெய் பூசத் தொடங்கினார். பூசினார், பூசினார், பூசிக்கொண்டே இருந்தார். ஒரு காதுக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. வாசலில் நின்ற தொண்டர், "தம்பி, பின்னால சனம் நிக்குது, நடவுங்கோ" என்று அதட்டினார். மாமா விசா வேண்டுமென்று கேட்கிறாராக்கும் என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது. ஒரு காதில் ஒன்றும் மறு காதில் இன்னொன்றுமாகச் சொன்னால் பிள்ளையார் பாவம் என்ன செய்வார்? முதலில் சொன்னது நான்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்தத் தேறுதலும் வெளிவீதிவரைதான் நிலைத்தது. அங்கே நின்ற அம்மாவிடம், ஏன் இன்றைக்கு மட்டும் எல்லாரையும் தொட விடுகிறார்கள் என்று கேட்டேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "இண்டைக்கு அவர் அதுக்குள்ளை இல்லையெல்லோ. கோயில் கட்டத் தொடங்கேக்கையே ஐயர் அவரை வெளியில எழுந்தருளப் பண்ணியாச்சு. இப்ப யாகசாலையில, கும்பத்துக்குள்ளை இருக்கிறார். நாளைக்குக் கும்பத் தண்ணி ஊத்தின பிறகுதான் திரும்பி வருவார்" என்றார்.

என் தலையில் இடி விழுந்தது. நான் வெறும் கல்லின் காதில் சொல்லியிருக்கிறேன். கேட்க வேண்டியவர் யாகசாலையில், மாவிலையும் தேங்காயும் வைத்த ஒரு குடத்துக்குள் இருந்திருக்கிறார். அங்கே ஓடிப் பார்த்தேன். சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு குடமா இரண்டு குடமா, வரிசை வரிசையாகக் குடங்கள். எதற்குள் அவர் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

அன்னதானத்தில் பாயாசத்தைக்கூட நான் தொடவில்லை. வேப்ப மரத்தடியில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் போய் நின்றேன்.

"மாமா, பிள்ளையார் கும்பத்துக்குள்ளை இருக்கேக்கை கல்லிட்டைச் சொன்னா அவருக்குக் கேக்குமோ?"

மாமாவுக்குப் பிடித்தமான கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப ஒரு போனைத் திருத்த வேணுமெண்டா நான் என்ன செய்யிறனான்? முதல்ல சிம்மைக் கழட்டி வேறை போனில போட்டுக் குடுப்பன். அந்த ஆளின்ரை நம்பர் அதில வேலை செய்யும். திருத்தி முடிஞ்சாப் பிறகு சிம்மைத் திருப்பிப் பழைய போனில போடுவன். ஐயரும் இதைத்தான் செய்யிறார். கல்லு போன். கும்பம் மற்றப் போன்."

"அப்ப சிம் இல்லாத போனில கதைச்சா?"

"ஒருத்தருக்கும் கேக்காது."

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். தன் விளக்கத்தில் தானே மயங்கியிருந்த மாமா திகைத்துப்போனார். "ஏனடி பிள்ளை அழுறாய்? என்ன கேட்டனீ அவரிட்டை?"

"சொல்லமாட்டன்."

"எனக்கும் சொல்லமாட்டியோ?"

"உங்களுக்குத்தான் சொல்லமாட்டன்."

மாமா கச்சான் இருந்த பேப்பர்ச் சரையை மடித்து மடியில் செருகினார். பிறகு தன் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"இஞ்சை பார். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உன்ரை பெரிய மாமா கனடாவில இருந்து கதைக்கேக்கை அவர் இந்தப் போனுக்குள்ளையோ இருக்கிறார்?"

"இல்லை."

"சிம்முக்குள்ளை?"

"இல்லை."

"அந்தா, சந்தியில உயரமா நிக்கிற போன் ரவர் தெரியுதோ? அதில இருந்து வாறது காத்து முழுக்க நிக்குது. உன்ரை மூக்குக்கு முன்னாலையும் நிக்குது. அந்த வேம்புக்குள்ளையும் நிக்குது. எங்கடை கண்ணுக்குத் தெரியாததாலை பிடிக்கிறதுக்கு ஒரு பெட்டி வேணும். கல்லும் கும்பமும் எங்களுக்கு வேண்டிய பெட்டியள். அவருக்குப் பெட்டி வேண்டாம். நீ கல்லிட்டைச் சொன்னாலும் கேக்கும், கிணத்தடியில நிண்டு சொன்னாலும் கேக்கும்."

"மனதுக்குள்ளை சொன்னாலும்?"

"ஓம். அதுதான் நல்லாக் கேக்கும். இரைச்சல் இல்லை."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. "நீங்கள்தானே கடவுள் இல்லையெண்டு சொல்லுறனீங்கள்?"

"இல்லைதான்" என்றார் மாமா. "ஆனா இருந்தால் இப்பிடித்தான் இருப்பார்."

கடவுளுக்கு உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று திருமேனிகள் உண்டு என்பதை நான் சமய பாடத்தில் அதற்கு முன்பே பாடமாக்கி, முழுப் புள்ளியும் வாங்கியிருந்தேன். உருவம் என்றால் கண்ணுக்குத் தெரிவது, அருவம் என்றால் தெரியாதது, அருவுருவம் என்றால் இரண்டும் சேர்ந்த இலிங்கம் போன்றது. கேட்டால் நித்திரையிலும் ஒப்புவிப்பேன். அது ஏன் அப்படி என்று எனக்கு விளங்கியது அந்த வேப்ப மரத்தடியில்தான். பிற்பாடு பல்கலைக்கழகத்தில் சைவசித்தாந்தம் படித்தபோது, இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கிறான் என்று விரிவுரையாளர் பலகையில் எழுதினார். மற்றப் பிள்ளைகள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு எங்கள் ஊர்ச் சந்தி ரவர் கண்ணுக்குள் வந்து நின்றது. எழுதினால் புள்ளி கிடைக்காது என்பதால் பரீட்சையில் அதை எழுதவில்லை.

மறுநாள் கும்பாபிஷேகம். மேளம் அடித்து, சங்கு ஊதி, குடங்களை ஐயர்மார் தலையில் சுமந்து வீதி சுற்றினார்கள். கலசத்தில் தண்ணீர் விழுந்தபோது எல்லாரும் "அரோகரா" என்று கைகளைத் தூக்கினோம். மேலே ஒரு பருந்து சுற்றியது என்று பெரியம்மா சத்தியம் பண்ணினார். எனக்குத் தெரிந்தது ஒரு காகம்தான், ஆனாலும் அந்தச் சந்தோசத்தில் அதையும் பருந்தென்று ஒப்புக்கொண்டேன். பட்டுடுத்து மாலைக்குள் மறைந்திருந்த பிள்ளையாரைத் தூரத்தில் நின்று பார்த்தேன். நேற்று வயிறு தடவிய உரிமையில், சொன்னதை மறக்க வேண்டாம் என்று மனதுக்குள் ஒருமுறை நினைவூட்டினேன்.

சில கிழமைகள் கழித்து, ஒரு மத்தியானம் பெரிய மாமா கனடாவிலிருந்து போன் எடுத்தார். விசா இல்லையென்று அறிவித்துவிட்டார்களாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். பெரியம்மா பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார். அப்பா பேப்பரை இறக்கி வைத்துவிட்டு, "சரி, விடுங்கோ" என்று அந்த நேரத்தில் ஒருவர் சொல்லக்கூடியதைச் சொன்னார். மாமா தலை குனிந்து இருந்தார். நான் அலுமாரிக்குப் பின்னால் போய், பாவாடையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தேன். கல்லிடம் சொன்னாலும் கேட்கிறது. மாமா சொன்னது முழுக்க உண்மை.

அன்று பின்னேரம் மாமா கிணற்றில் நன்றாக அள்ளிக் குளித்தார். அதே வேட்டியைக் கட்டி அதே பெல்ட்டை இறுக்கினார். விசா வந்தால் அடிப்பதற்கென்று அம்மா நேர்த்தி வைத்துக் குசினியில் அடுப்பு மூலையில் குவித்திருந்த தேங்காய்களில் பெரிதாக ஒன்றைத் தெரிந்து எடுத்தார். "எங்கையடா கொண்டு போறாய்?" என்று அம்மா கேட்க, "கோயிலுக்கு அக்கா" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதாவது தம்பிக்குப் புத்தி வந்ததே என்று பெரியம்மாவிடம் சொன்னார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கோயில் வாசல் கல்லில் மாமா அந்தத் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தார். அது சுக்குநூறாகப் பறந்தது. பொறுக்க ஓடிய பிள்ளைகளில் பெரிய துண்டு எனக்குத்தான் அகப்பட்டது. மதிலில் ஏறி இருந்து இரண்டு பேருமாக அதைக் கடித்துத் தின்றோம். மாமா கால்களை ஆட்டிக்கொண்டு சினிமாப் பாட்டொன்றை முணுமுணுத்தார், நாளைக்குக் கடைக்கு வாறியோ என்று கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேட்டது கிடைத்தவர்கள்தான் தேங்காய் அடிப்பார்கள் என்ற கோயில் வழக்கம்கூட இந்த மனிதருக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். சொன்னால் மனம் நோவார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.