தானாகக் கிழியாத நாற்காலிகள்

இடது கட்டைவிரல் ரெக்சினை ஸ்பாஞ்சோடு அழுத்திப் பிடித்திருக்க, வலது கையிலிருந்த வளைந்த ஊசி உள்ளே முங்கி, கொஞ்சம் தள்ளித் தலை காட்டியது. நூலைச் சுண்டி இழுத்ததும் கிழிசல் வாயை மூடிக்கொண்டது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்தான் மூடவில்லை.

“சோபாக்காரரே, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசலாமே?” என்றார் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் ஊசி போட்டு ஓய்ந்தவர். குடியை விட நினைப்பவர்களை வாராவாரம் இந்தக் கூடத்தில் கூட்டிவைப்பவர்.

“நான் நாற்காலி தைக்க வந்தவன்மா. குடிகாரங்க பேச்சுல எனக்கென்ன வேலை?”

எல்லாரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். அவர் கதை தெரியாதவர் அங்கே யாருமில்லை. சோபா ஏற்றிய வேனைக் குப்பைத் தொட்டியில் மோதிவிட்டு, இறங்கி நின்று அந்தத் தொட்டியிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. ஊதச் சொன்னார்கள், ஊதினார். ஒரே மூச்சில் லைசென்ஸும் போனது, மானமும் போனது.

வீட்டில் மனைவி சத்தமே போடவில்லை. வேன் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னாள்: “கேஸு கோர்ட்டோட போகட்டும். இன்னொரு தடவை குடிச்சிட்டு வந்தீங்கன்னா, இதே வேன்ல என் சாமானை ஏத்திக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். சுமை தூக்கக்கூட நீங்க வர வேணாம்.”

கூட்டத்துக்குப் போகச் சொன்னபோது, “நான் என்ன குடிகாரனா?” என்று எகிறினார். அவள் சில நாள் கழித்து ஒரு வேலை பிடித்துவந்தாள். “ஒரு கூடத்துல நாற்காலியெல்லாம் கிழிஞ்சு கிடக்காம். கூட்டம் நடக்கிற நேரத்துலதான் கதவைத் திறப்பாங்களாம்.”

வேலை என்றால் போகாமல் இருக்க முடியுமா? மனைவியே வேனை ஓட்ட, போனார். ஒன்றைத் தைத்து முடித்தால், அடுத்த வாரம் இன்னொன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

முதல் கிழிசலைத் தடவியபோதே விரல் சொல்லிவிட்டது. தானாக விட்ட தையலில் நூல் பிசிறியிருக்கும். இது வெண்ணெயை வெட்டினாற்போல மழமழவென்று இருந்தது. பிளேடு வேலை! கூட்டுக் களவாணிகள் யாரென்றும் புரிந்தது. ஒருத்தி வெளியே வேனில் காத்திருக்கிறாள், இன்னொருவரான நர்ஸம்மா உள்ளே ஒன்றும் அறியாதவர்போல உட்கார்ந்திருக்கிறார். சோபாக்காரரும் காட்டிக்கொள்ளவில்லை. தொண்டை அரிக்கிற அந்தச் சாயங்கால நேரத்தில் கையில் ஊசி இருந்தது நல்லதாகத்தான் பட்டது. வேண்டுமென்றே நிதானமாகத் தைத்தார்.

இன்று கடைசி நாற்காலி. இனி வெட்டுவதற்குப் பழைய தையல் இல்லை. அடுத்த வாரம் என்ன சாக்குச் சொல்லி வருவது? வராவிட்டால், அந்தச் சாயங்காலம் கால் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவருக்கே தெரியும்.

அப்போது கதவருகே ஒருவர் எட்டிப்பார்த்தார். தோளில் கருவிப் பை. “இங்க ஃபேன் சத்தம் போடுதாமே? வீட்டுல சொல்லி அனுப்பினாங்க.”

மேலே ஃபேன் சாதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா அவசரமாக ஜன்னலைப் பார்த்தார்.

சோபாக்காரர் நூலை நறுக்கினார். எந்த வேலையையும் தான் உட்கார்ந்து பார்க்காமல் கொடுக்க மாட்டார். உட்கார்ந்தார், அசைந்து பார்த்தார், எழுந்தார்.

“ஃபேன் எங்கேயும் ஓடிடாது தம்பி. உங்களையும் ஊதச் சொன்னாங்களா?”

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னையும்தான். குப்பைத் தொட்டிகிட்ட மன்னிப்புக் கேட்ட ஆளு நான். குடிகாரன்தான்.”

நாற்காலியைத் துணியால் ஒரு தட்டுத் தட்டி, வந்தவர் பக்கம் நகர்த்தினார். “உட்காருங்க. புதுத் தையல், தாங்கும்.”