ஓட்டமும் இழுவையும்

வானொலியில் பேசுகிறவர்களை ஊர் அறியும். இசை வாசிக்கிறவனை எவர் அறிவார்? அறிவிப்பாளர் முஃபீதா பாலாவிச் சந்தியில் மரக்கறி வாங்கப் போனால், குரலைக் கேட்டதுமே கடைக்காரன் தக்காளியைத் தாராளமாக அள்ளிப் போடுவான். பக்கத்தில் நிற்கும் நளீமைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பான். அந்த வானொலியின் இசை முழுக்க இந்தத் தம்பியின் விரலில்தான் இருக்கிறது என்று சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நம்பமாட்டான்.

சமூக வானொலி, பெயர்தான் பெரிது. சந்திக்குச் சற்று உள்ளே இரண்டு அறை, சுவரெல்லாம் சத்தம் தடுக்க ஒட்டிய முட்டை மட்டை. வெளியே சீமெந்து லொறி ஹோர்ன் அடித்தால் அதுவும் செய்தியோடு சேர்ந்து ஒலிபரப்பாகும். நளீமின் ஓர்கனில் ஒரு கட்டை உப்புக்காற்றில் இறுகிப்போய், அமுக்கினால் எழும்பாது. அதைத் தொடாமல் வாசிக்க அவன் பழகியிருந்தான். பெண்கள் நிகழ்ச்சிக்கு ஒரு மெட்டு, சிறுவர் நேரத்துக்கு ஒரு மெட்டு. நாடகம் என்றால் ஆடாகக் கத்துவதும் அவன்தான், கதவாகக் கிறீச்சிடுவதும் அவன்தான். நோன்பு மாதம் பிறந்துவிட்டால் விடியற்காலைக் கடல் செய்தி முடிந்ததும் ஓர்கனைத் துணியால் மூடி வைத்துவிட்டுப் பள்ளிவாசல் அறிவித்தல்களை வாசிப்பான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் வந்து சேர்ந்த கைக்குழந்தை அவன். யுத்தம் முடிந்து சொந்தக்காரர் பலர் ஊர் திரும்பிய பிறகும் இங்கேயே நின்றுவிட்டான். கேட்டால், "ஓர்கன விட்டுட்டு எங்க போற?" என்பான். அது வெறும் சாட்டு. பக்கத்துக் கடற்கரை ஊரான எத்தாளையில் மர்ளியா என்று ஒருத்தி இருந்தாள்.

மர்ளியா பாலர் பாடசாலை ஆசிரியை. சனிக்கிழமைகளில் சிறுவர் நேரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். பிள்ளைகள் சுருதியை விட்டுவிட்டு ஓட, நளீம் ஓர்கனோடு அவர்களைத் துரத்த, அவள் கண்ணாடிக்கு அப்பால் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மனிதன் விழுந்தான், எழும்பவேயில்லை. ஆனால் சுற்றி வளைக்கிற ஆள் அவன் இல்லை. ராத்தாவின் கணவர், மச்சான் செய்னுலாப்தீனை அனுப்பி முறையாகப் பெண் கேட்டான்.

மச்சான் செவ்வாய்க்கிழமை இரவாவதற்குள் திரும்பி வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"மர்ளியாட வாப்பா தேத்தண்ணி தந்தார். வட்டிலப்பமும் தந்தார். புள்ளய மட்டும் தரமாட்டார் போல இரிக்கி."

"ஏனாம் மச்சான்? நாம அகதியெண்டா?"

"சேச்சே, அது குறையே இல்லயாம். ஓர்கன் தட்டுறது ஒரு தொழிலா எண்டு கேக்குறார். 'கலியாண வீட்டுல தட்டுவான், சரி. கலியாணமில்லாத நாளைல என்னத்தத் தட்டுவான்?' எண்டார். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு முடிவு செல்றாராம்."

நளீம் சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை. என்ன சொல்லி என்ன? மர்ளியாவின் வாப்பா அபூசாலி ஹாஜியார் எத்தாளையில் படகுகள் வைத்திருக்கிற சம்மாட்டி. மூன்று மகன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். அலையோடு மல்லுக்கட்டுகிற அந்த வீட்டுக்கு, விரலால் உழைக்கிற மருமகன் எப்படிக் கண்ணுக்குத் தெரிவான்? அவர் சொன்னது அநியாயம் என்றுகூட நளீமுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் விடிய நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்த நேரத்து வேலை எப்படி நடக்கும் என்று சொல்லவேண்டும். சுபஹ் தொழுகை முடிந்த கையோடு முஃபீதா வானிலைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்துக் கடல் எப்படி என்று கேட்பாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நளீமுக்குக் கையைக் காட்டுவாள். உள்ளங்கையை விரித்தால் கடல் அமைதி. முஷ்டி பிடித்தால் காற்று. விரித்த கைக்குத் துள்ளுகிற ஒரு மெட்டு, முஷ்டிக்கு நிதானமான ஒரு மெட்டு. ஒரு அலங்காரத்துக்காக நளீம் செய்து வைத்தவை இவை. பழைய கம்பியூட்டர் காலையில் எழும்ப அடம்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு நாளும் நேரடியாகத்தான் வாசிப்பான். மெட்டு முடிந்ததும் முஃபீதா விபரம் சொல்லுவாள்.

அந்தப் புதன்கிழமை அவள் உள்ளங்கையை அழகாக விரித்துக் காட்டினாள். நளீம் பார்த்தான். பார்த்துக்கொண்டே நிதானமானதை வாசித்தான். அதுவும் எப்படி? மரணம் விழுந்த மையத்து வீட்டு வாசலில் நின்று வாசிப்பவனைப்போல. முஃபீதாவின் கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரி, மைக்கைப் பிடித்து, "கடல் அமைதியாக இருக்கிறது, தொழிலுக்குப் போகலாம்" என்று தெளிவாகச் சொன்னாள்.

"என்ன நளீம் நானா இது?"

"கை மாறிப்போச்சி தங்கச்சி. நீங்கதான் சரியாச் செல்லிட்டீங்களே."

"அதானே" என்று அவளும் விட்டுவிட்டாள். இருவரும் பிளேன்டீ குடித்தார்கள்.

வெயில் நன்றாக ஏறின பிறகு தொலைபேசி அலறியது. எத்தாளையிலிருந்து ஜபார், படகோட்டி. "காத்து எங்க?" என்று கேட்டார்.

"என்ன காத்து நானா?" என்றாள் முஃபீதா.

"நீங்க அனுப்பின காத்துத்தான்! போட்டெல்லாம் கரையில ஏத்திட்டுக் காத்துக் காத்து எண்டு பாத்துக்கிட்டிரிக்கம். கடல் தட்டு மாதிரிக் கெடக்கு. ஆலங்குடாவில டொல்பின் காட்ட வெள்ளக்காரர ஏத்திக்கிட்டுப் போனவனுகள் வந்து எங்களப் பாத்துச் சிரிக்கிறானுகள்."

"நான் கடல் அமைதி எண்டுதானே நானா சென்னேன்!"

"நீங்க செல்றத ஆர் கேட்ட? இழுவ கேட்டா நிப்பம், ஓட்டம் கேட்டா போவம். பாட்டு வந்ததும் போன் ரேடியோவ நிப்பாட்டிருவம். போன்ல சார்ஜ் கடலுக்கு வேணுமே! இனி பகல் மரண அறிவித்தலுக்குத்தான் போடுற."

பக்கத்தில் நின்ற நளீமுக்கும் அது கேட்டது. ஓட்டமாம், இழுவையாம்! அவன் செய்த மெட்டுகளுக்கு அவனுக்கே தெரியாமல் கடற்கரை பெயர் வைத்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றான். அதற்குள் நிலையப் பொறுப்பாளர் ஹிஸ்புல்லா ஓடி வந்தார்.

"ஒண்டும் யோசிக்காத. கம்பியூட்டர் பிழை எண்டு செல்லுவம். அது பாவம், மறுத்துக் கதைக்காது."

"வேணாம் சேர். நான் நேர போய்ச் செல்றன்."

"எங்க போக? எத்தாளைக்கா? பொண்ணு கேட்டிரிக்கிற எடத்துக்கா? ஒனக்குப் பைத்தியமா மகன்? வெள்ளிக்கிழம வரைக்குமாவது வாயப் பொத்திக்கிட்டிரி!"

நியாயமான புத்திமதிதான். நளீம் அதைக் கேட்டுக்கொண்டே, எத்தாளை வழியே போகிற கற்பிட்டி பஸ்ஸில் ஏறிவிட்டான். மர்ளியா கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தான். ஆனால் ஒரு கரையே தன்னை நம்பி முடங்கிக் கிடக்க, பாவப்பட்ட ஒரு கம்பியூட்டரின் பின்னால் ஒளிந்துகொண்டு மாப்பிள்ளையாவதை நினைத்தாலும் கூசியது.

கரையேற்றிய படகின் நிழலில் அபூசாலி ஹாஜியார் இருந்தார். மூன்று மகன்மாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிழிந்த வலை பொத்தினார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். நான் நளீம். காலையில இழுவ வாசிச்சது நான்தான். பிழ என்ட."

ஹாஜியார் ஸலாத்துக்குப் பதில் சொன்னார். பிறகுதான் திகைத்தார்.

"நீ வாசிச்சதா? அது கொழும்புல இரிந்து வார சீடி எண்டல்லவா நான் நெனச்சிக்கிட்டிரிக்கன்!"

"இல்ல ஹாஜியார். ஒவ்வொரு நாளும் விடிய நான்தான் வாசிக்கிற."

"அப்ப இண்டைக்கி ஏன் மாத்தி வாசிச்சாய்?"

கட்டை இறுகிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. நளீம் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீங்க செல்லினத ராவு மச்சான் வந்து செல்லினார். மனசு ஒடஞ்சி போச்சி. விரலும் மனசோட போயிட்டு."

கடைசி மகன் களுக்கென்று சிரித்துவிட்டு, வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வலைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். ஹாஜியார் கடலைப் பார்த்தார். பாழாய்ப்போன கடல், கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"போன மாசமும் இப்பிடித்தான் கெடந்திச்சி" என்றார். "இவனுகள் போட்டத் தள்ளிட்டானுகள். அப்பதான் இழுவ கேட்டிச்சி. ஏத்துங்கடா கரைக்கி எண்டன். எனக்குப் பைத்தியம் எண்டானுகள். வெயில் ஏறல்ல, வந்திச்சே ஒரு காத்து, தென்ன மரத்த முறிச்சிப் போட்டிச்சி. அண்டைக்கி நான் சுஜூதுல விழுந்து அழுதன். வாசிச்சவன் ஆரெண்டு தெரியாமலே அவனுக்கு துஆ கேட்டன்."

மகன்மார் கை வலையில் அசையாமல் நின்றது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திரிக்கத் தேவயில்ல" என்றார். நளீமுக்கு உயிர் போய் வந்தது.

"ஒன்ட பாட்ட நம்பி மூணு மகன்மாரக் கடலுக்கு உடுறன். ஒரு மகள கரையில ஒன்னோட உடப் பயப்படுவனா?"

நளீமின் கண் நிறைந்தது.

"ஆனா ஒண்டு, நல்லாக் கேட்டுக்க. ஒன்ட மனசு கலியாண வீடா இரிக்கட்டும், மையத்து வீடா இரிக்கட்டும். விரல் கடலோடதான் நிக்கோணும்."

"ஓம் ஹாஜியார்."

"இன்னும் என்ன ஹாஜியார்? மாமா எண்டு செல்லு."

அன்றிரவு நளீம் தூங்கினானா என்று கேட்காதீர்கள். மறுநாள் விடியுமுன்னே நிலையத்தில் போய் நின்றான். வாசலைக் கூட்டினான், ஓர்கனைத் துடைத்தான், ஆடு மாதிரி சும்மா ஒருமுறை கத்தியும் பார்த்தான். பத்து விரலும் ஓட்டத்துக்குத் துடித்தன. இன்றைக்கு அவன் வாசிக்கிற வாசிப்பில் கற்பிட்டிக் கரை முழுக்கக் குதிக்கவேண்டும்!

முஃபீதா தொலைபேசியை வைத்தாள். அவனை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்தாள். முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள்.

நளீம் கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சுக்குள் கலியாண வீட்டு ஆரவாரம். அதை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு இழுவையை எடுத்தான். ஒரு சுரம் துள்ளவில்லை. முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால், வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. இன்றைக்கும் காற்று வராவிட்டால் மாமா என்ன நினைப்பார்?

அப்போது போனில் மர்ளியாவின் செய்தி வந்தது. "எங்கட நானாமார் கடல் நல்லாத்தானே கெடக்கு எண்டு வாப்பாவோட சண்ட. வாப்பா, அது எங்கட மாப்பிள்ள வாசிச்சது எண்டு செல்லி ரேடியோவ நிப்பாட்டிட்டார். போட் மூணும் கரையில."