மகாலட்சுமியின் இடது கை

என் மாமாவைப் போல ஒரு ஓவியர் ஆலங்காயத்தில் அவருக்குப் பின் பிறக்கவில்லை என்று இன்றும் சாதிப்பேன். கடைப் பலகை, மாட்டுவண்டி, லாரி என்று எதில் பெண்ணை வரைந்தாலும் அவள் இடது கைக்காரியாகவே இருப்பாள். அந்த மணிக்கட்டில் பச்சை குத்திய மூன்று புள்ளிகளும் தவறாமல் இருக்கும்.

நானும் இடது கைக்காரிதான். அந்தக் கை சோற்றில் பட்டால் அம்மாவின் கரண்டி என்மேல் பாயும். அப்படிப்பட்ட அம்மாவின் கூடப்பிறந்த தம்பியே ஊரெல்லாம் இடது கைகளாக வரைந்து வைத்தால், அது எனக்காக இல்லாமல் வேறு யாருக்காக? பெருமை தாங்காமல் திரிந்தேன்.

எமர்ஜென்சி முடிந்த சமயம், மளிகைக்கடைக்காரர் ஒருவர் மகாலட்சுமி பலகை கேட்டார். கோயில் சுவரில் வரைகிற வேலையும் அவர் கை காட்டுகிறவருக்குத்தான். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னாப்பா இது, பீச்சாங்கையால காசு குடுத்தா கடை வெளங்குமா? மாத்திக் குடு.”

“அந்தக் கை அப்படியேதாங்க இருக்கும்,” என்றார் மாமா.

கோயில் வேலை போயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ, என் கைக்காக மாமா சாமியையே பகைத்துக்கொண்டாரே என்று கண்ணில் நீர் முட்டியது.

அந்த வாரமே, புளி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பலகையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என்னையும் கூட்டி மலைக்கு பஸ் ஏறினார். ஜமுனாமரத்தூர் சந்தையில் ஒரு பெண் புளி நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசு இடது கையில் இருந்தது. மாமா அவள் முன்னால் போய் நின்று சாக்கைப் பிரித்தார்.

அவள் மகாலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் இதையேதான் வரையிறியா?”

மாமா வெறும் சாக்கை மடிக்க ஆரம்பித்தார். அவருக்காகப் பேச நான் இல்லையா? “அது என் கை. மாமா எனக்காகத்தான் வரையறாரு,” என்று இடது கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் தராசைக் கீழே வைத்தாள். மூன்று புள்ளிகள் இருந்த தன் மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“ஆமா பாப்பா, உன் கைதான்.”

தன் கல்யாணத்துக்கு முன்பு, மலைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வரையப் போன இடத்தில் மாமா அவளைக் காதலித்ததும், தாத்தா குறுக்கே நின்றதும், எனக்கே மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்பதுதான். பலகையை அவளிடமே விட்டுவிட்டு மலை இறங்கும்போது மாமா வெறும் சாக்கை மடியில் வைத்திருந்தார். நானோ, எதிரே வருகிறவர்களெல்லாம் பார்க்கட்டும் என்று, இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே வந்தேன். அதில் ஒரு புள்ளிகூட இல்லை என்பது என் கண்ணில் படவேயில்லை.